கேட்சைப் பத்தி அமலி எழுதினது

அந்த இங்கிலீஷ் பேப்பரப் படிச்சு முடிச்சாச்சா தங்கச்சி? முடிச்சாச்சுன்னா ஒரு உதவி கேக்கலாமேன்னு பாக்கேன். ஒண்ணும் அவசரமில்ல. பஸ்ஸு தூத்துக்குடிய இப்பத்தான தாண்டியிருக்கு, ஆறுமுகநேரி போக இன்னும் நேரம் கெடக்கு. நீங்க திருச்செந்தூரா? நல்லதாப் போச்சு, எனக்கு அப்புறந்தான் நீங்க இறங்கணும்.

இன்னா, இந்தப் புத்தகந்தான். எம் மவ படிக்கிற ஸ்கூல்ல போட்ட ஆண்டு மலர். அவ ஹாஸ்டல்ல தங்கிப் பதினொண்ணு படிக்கா, சுபாஷினின்னு பேரு. இன்னைக்கு ஆண்டு விழா, அதுக்குத்தான் போறேன். பதினாலாம் பக்கத்தத் திருப்புங்க. எழுதினவ போட்டோவும் இருக்கும் பாருங்க, மூக்குக் கண்ணாடியும் அவளும் பெரிய மேதாவி கணக்கா. அமலோற்பவம், எம்.ஏ., பி.எட். எங்களுக்கெல்லாம் அமலி. எங்கூட ஆறு வருசம் கபடி ஆடினவ. நட்டநடுக் களத்துல என்னக் கைவிட்டவளும் இவதான்.

கட்டுரை எதப் பத்தின்னு நெனக்கீங்க? கேட்ச்சுங்கிற வார்த்தையப் பத்தி. ஒரே ஒரு வார்த்தை, அதுக்கு ரெண்டு பக்கம். அது எங்க பொறந்துச்சு, எங்க வளந்துச்சு, யாரு வீட்டுக்கு வாக்கப்பட்டுச்சுன்னு, என்னமோ பொண்ணு பாக்கப் போற மாதிரி விசாரிச்சு எழுதியிருக்கா. பாக்கிறவங்களுக்கு அது பாடம் மாதிரித்தான் இருக்கும். எனக்குத்தான் தெரியும் அவ யாரச் சொல்லுதான்னு.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். மில்லுல நான் சூப்பர்வைசர்லா, மிஷின் நம்பரு, பேட்ச் நம்பரு, ரிப்போர்ட்டு எல்லாம் நாந்தான் எழுதுதேன். ஆனா இந்த மாதிரி நீளமா எழுதினா தல சுத்திரும். பொங்கல் லீவுக்கு வந்தப்போ எம் மவ இதப் படிச்சு அர்த்தம் சொன்னா. ஆசையாத்தான் கொண்டாந்தா, 'எங்க அமலி மிஸ் எழுதினது'ன்னு. அந்த 'எங்க'ங்கிறதக் கேட்டதுமே எனக்கு வயிறு எரிஞ்சுட்டு.

மொதல்ல இத எதுக்கு அவ எழுதணும்னு கேளுங்க. எங்க ஆட்டத்துல எங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷே நாலஞ்சு வார்த்தைதான். ரைடு, பாயிண்ட்டு, அவுட்டு, கேட்ச்சு. பாடி ஏறி வாரவளப் பிடிச்சா கேட்ச்சு. எங்க ஊருல நண்டுஞ்சிண்டும் கேட்ச்சுன்னு கத்தும். உலகத்துல எம்புட்டோ இங்கிலீஷ் வார்த்தை இருக்கைல, ஒரு டீச்சரு தேடிப் பிடிச்சு இத எடுத்து எழுதுதான்னா சும்மாவா எழுதுவா?

உங்களுக்குக் கபடி தெரியுமா? டிவில பாத்திருப்பீங்க. பிடிக்கிற பக்கம் ஏழு பேரு நிப்போம், ஜோடி ஜோடியாக் கை கோத்துக்கிட்டு. அதுக்குச் சங்கிலின்னு பேரு. ஓரத்துல நிக்கிறவ கார்னர். அவ பக்கத்துல நிக்கிறவ இன்னு. அமலி இடது கார்னர், நான் இடது இன்னு. கபடி கபடின்னு பாடி வாரவ காலத் தூக்கி எட்டு வைப்பா பாத்துக்கிடுங்க, அந்த நேரத்துல அமலி பாம்பு மாதிரி தரையோட போயி கணுக்காலப் பிடிப்பா. அவ ஒரு கை கணுக்கால்ல, இன்னொரு கை எங்கிட்ட. நான் அப்படியே சுத்தி வந்து வளைச்சுருவேன். அம்புட்டுத்தான், கதை முடிஞ்சுது.

எங்க கோச்சு வெள்ளத்துரை அண்ணாச்சி. சைக்கிள் கடை வச்சிருந்தாரு, சாயங்காலம் ஆச்சுன்னா கடையப் பூட்டிட்டு கிரவுண்டுக்கு வந்துருவாரு. அவருக்குன்னு ஒரு முறை உண்டு. மத்த டீமுல ரெண்டு பேரும் வெரலோட வெரல் கோத்து இறுக்கிக்கிடுவாங்க. அண்ணாச்சி அத விடவே மாட்டாரு. ரெண்டு பேரும் இறுக்கினா ரெண்டு பேராலயும் திரும்ப முடியாது, தோள் பூட்டு கழண்டு போகும்பாரு. ஒருத்தி பிடிக்கணும், ஒருத்தி குடுக்கணும். கார்னரு கையக் குடுப்பா, மணிக்கட்டத் தளர்த்தி, வெரலெல்லாம் விரிச்சு. இன்னு அந்த மணிக்கட்டப் பிடிக்கணும். பிடி முழுக்க இன்னோட பொறுப்பு. கார்னரு தன் கைய மறந்துட்டு கணுக்கால மட்டும் பாக்கணும். நாங்க ஆறு வருசமும் அப்படித்தான் ஆடினோம். எம் பிடி தப்பினதா சரித்திரமே கெடயாது. அவ மணிக்கட்டுல எங் கைத்தடம் பச்சையா விழுந்து கெடக்கும், அவங்க அம்மா எண்ண போட்டுத் தேச்சுக்கிட்டே என்ன ஏசுவா.

அம்புட்டு நெருக்கம். எங்க வீட்டுக் கஞ்சிய அவ குடிப்பா, அவங்க வீட்டுக் கிறிஸ்மஸ் பலகாரம் மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் வரும். நான் சாமி கும்பிடப் போனா அவ கோயில் வாசல்ல செருப்பப் பாத்துக்கிட்டு நிப்பா. அவ பூசைக்குப் போனா நான் நிப்பேன். அப்படி இருந்தவ எங்கிட்ட இப்படிச் செய்வான்னு யாரு கண்டா.

அந்த வருசம் கோயில்பட்டியில பெரிய டோர்னமெண்டு. பைனலுக்கு வந்துட்டோம். நான் இப்ப வேல பாக்கேன்லா, அந்த மில்லுக்காரங்க அப்ப புதுசா பொம்பளப் பிள்ளைகளுக்கு டீம் ஆரம்பிச்சிருந்தாங்க. டீமுல எடுத்தா வேல, குவார்ட்டர்ஸ், எல்லாம் உண்டு. அவங்க ஆளு மேனேஜர் ஒருத்தர் கோட்டுக்கு வெளிய சேர் போட்டு உக்காந்திருந்தாரு. டீமு கிட்டத்தட்ட ஆயாச்சு, இடது பக்கம் பிடிக்க ஒரே ஒரு பிள்ளைதான் வேணும்னு அண்ணாச்சி எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னாரு. ரெண்டு பேரும் நல்லா ஆடுங்க, யாருக்குக் கெடச்சாலும் சந்தோசந்தான்னாரு. நாங்க ரெண்டு பேரும் சரின்னு தலயாட்டினோம்.

எனக்குக் கீழ மூணு தங்கச்சி. அப்பா உப்பளத்துல கண்ணு போயி வீட்டுல கெடந்தாரு. அவளுக்கும் பெரிய வசதியெல்லாம் இல்ல, ஆனா அண்ணன் ஒருத்தன் மீன்பிடி போட்டுக்குப் போயிக்கிட்டு இருந்தான். அது வேற பேச்சு, அத விடுங்க.

கடைசி ரைடு. நாங்க ஒரு பாயிண்டு கூட. அந்தப் பிள்ள நல்ல ஒசரம், தேனிப் பக்கத்துக்காரி, காலு நீளம்னா நீளம் அப்படி ஒரு நீளம். வந்தா. அமலிய நோக்கிக் கால நீட்டினா. அமலி போனா. பிடிச்சுட்டா, கணுக்கால் கெட்டியா அவ கையில. அந்த நேரத்துல பாருங்க, சங்கிலி விட்டுப் போச்சு. அமலி கை போயிட்டு. அந்தத் தேனிக்காரி இழுத்த இழுப்புல இவ அப்படியே சுழண்டு தோள் அடிபட விழுந்தா. நான் பாத்தேன், இனி யாரு இருக்கா, நாந்தான. பாஞ்சு போயி இடுப்போட கட்டித் தூக்கிட்டேன். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும். கோட்டச் சுத்தி நின்ன சனம் பூரா எந்திரிச்சு நின்னு கத்துது. அந்த மேனேஜரும் எந்திரிச்சு நின்னாரு, எங் கண்ணால பாத்தேன்.

அந்தச் சத்தத்துலயும் எனக்கு மனசு ஆறல. அவ விட்டுட்டாளேன்னுதான் இருந்துச்சு.

என்ன கேக்கீங்க? மணிக்கட்டப் பிடிச்சது நீங்கதானன்னா? ஆமா, பிடிச்சது நாந்தான். வேர்வை இருக்கும்லா தங்கச்சி. உச்சி வெயில்ல ஆடுதோம், மணிக்கட்டுல வேர்வை, அவ வெடுக்குன்னு முன்னால போறா, உருவிக்கிட்டு வந்துரும்லா. உருவினவ விட்டவதான. அதத்தான் சொல்லுதேன். அன்னைக்கு அண்ணாச்சிகிட்டயும் இதத்தான் சொன்னேன், அவ விட்டுட்டா அண்ணாச்சி, நான் பிடிச்சேன்னு. அவரு என் மூஞ்சியவே பாத்தாரு, அப்புறம் அமலியத் தூக்கப் போயிட்டாரு.

எனக்கு வேல கெடச்சுது. அவளுக்குத் தோள் எறங்கிட்டு, கட்டுப் போட்டாங்க, அதுக்கப்புறம் அவ ஆடல. சரி, அடிபட்டவளப் பாக்க நான் போகலியான்னு கேப்பீங்க. போனேன், போகாம இருப்பேனா? ஒரு தடவ போனேன். அவ படுத்துக் கெடந்தா. வேல கெடச்சுட்டுன்னு சொன்னேன். நல்லாயிருன்னா. அம்புட்டுத்தான், செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. கைய விட்டதுக்கு ஒரு வார்த்தை, தெரியாம நடந்து போச்சு செண்பகம்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் அன்னைக்கே மறந்திருப்பேன். சொல்லல. நான் மில்லுக்குப் போற அன்னைக்கு பஸ் ஏத்த வரல. கல்யாணத்துக்குப் பத்திரிக்கை அனுப்பினேன், வரல. இருபத்திரண்டு வருசம் ஒரு கடுதாசி கெடயாது.

நான் என்ன செய்ய? கேக்கிறவங்ககிட்டயெல்லாம் நடந்ததச் சொன்னேன். மில்லுல சொன்னேன், வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். எம் மவளுக்கு ஊட்டும்போது கதை மாதிரி சொல்லுவேன், ஒரு ஊருல ரெண்டு பிள்ளைங்க கை கோத்து நின்னாங்க, ஒருத்தி விட்டா, ஒருத்தி பிடிச்சான்னு. யாரையும் நம்பி நடுக்களத்துல நிக்காதட்டின்னு சொல்லித்தான் அவள வளத்தேன். அவ அந்தக் கதைய விரும்பிக் கேப்பா, 'அம்மா, நீ பிடிச்சதச் சொல்லு'ன்னு.

அப்புறம் பாருங்க, எந் தலையெழுத்து. நல்ல ஸ்கூலு, ஹாஸ்டல் இருக்குன்னு இங்க கொண்டாந்து சேத்தேன். சேத்து ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியுது, இங்கிலீஷ் டீச்சரு இந்த அமலிதான்னு. எம் மவளுக்கு அவ மேல உசுரு. மிஸ் இப்படிச் சொன்னாங்க, மிஸ் அப்படிச் சொன்னாங்க. இவதாண்டி என்ன விட்டவன்னு சொன்னேன். எம் மவ நம்பவே இல்ல. மிஸ்கிட்டயே போயிக் கேட்டிருக்கா. அதுக்கு அவ, 'உங்க அம்மா மாதிரி பிடிக்க ஆளு கெடயாது'ன்னாளாம். எம்புட்டு நைச்சியம் பாருங்க. கேட்ட கேள்விக்கு அதுவா பதிலு?

இப்ப இந்தக் கட்டுரைக்கு வாங்க. மொதல் பாராவுல என்ன எழுதியிருக்கான்னா, கேட்ச்சுன்னா ஆதியில பிடிக்கிறதுன்னு அர்த்தமே இல்லயாம். வெரட்டுறதாம். வேட்டையில மிருகத்த வெரட்டிக்கிட்டுப் போறதுக்குப் பிரெஞ்சுக்காரன் வச்சிருந்த வார்த்தையாம். சேஸ்னு இன்னொரு வார்த்தை இருக்காம்லா, அதும் இதும் ஒரு வயித்துப் பிள்ளையாம். வெரட்டி வெரட்டிக் கடைசியில பிடிக்கிறதுன்னு ஆயிட்டாம். எம் மவ, 'நல்லாருக்குலம்மா'ங்கா. என்ன நல்லாருக்கு? வேலைய வெரட்டிக்கிட்டுப் போனேன்னு என்னத்தான குத்துதா.

ரெண்டாவது அதவிட மோசம். பிடிக்கிறதுக்கு இங்கிலீஷ்ல அதுக்கு முன்னாலயே அவங்க சொந்த வார்த்தை ஒண்ணு இருந்துச்சாம், லாட்ச்னு. இந்தக் கேட்ச்சு வெளிய இருந்து வந்து, பக்கத்துல நின்னு, மெல்ல மெல்ல அது எடத்தப் பிடிச்சுக்கிட்டாம். அந்த லாட்ச் இப்ப கதவுல தாழ்ப்பாளாத் தொங்குதாம். போதாக்குறைக்கு, பிடிச்சாச்சுன்னு சொல்லுறதுக்குக் கேட்ச்சு 'காட்'னு மாறுதுல்லா, அந்த உருவத்தையும் லாட்ச்சப் பாத்துத்தான் இது எடுத்துக்கிட்டாம். நான் அந்த எடத்துல வாசிக்கிறதக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிட்டேன். யாரு எடத்த யாரு பிடிச்சா? யாரு தாழ்ப்பாளாத் தொங்குதா? எம்.ஏ. படிச்சு ஏசி ரூமுல உக்காந்து பாடம் எடுக்கிறவ தாழ்ப்பாளா? பஞ்சு பறக்கிற மில்லுல மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறவ நானு. எம் மவ, 'அம்மா, அது வார்த்தையப் பத்தித்தாம்மா, உங்களப் பத்தி இல்ல'ன்னு சொல்லுதா. சின்னப் பிள்ள, அவளுக்கு என்ன தெரியும்.

நடுவுல என்னென்னமோ இருக்கு. சளி பிடிச்சாலும் கேட்ச்சாம், தீப் பிடிச்சாலும் கேட்ச்சாம், பஸ்ஸப் பிடிச்சாலும், அடுத்தவ பேசுனது காதுல விழுந்தாலும் கேட்ச்சாம். ஒரு விசயத்துக்குள்ள ஒளிஞ்சு கெடக்கிற வில்லங்கத்துக்கும் அதே பேருதானாம். அதெல்லாம் எனக்கு வேண்டாம். கடைசிப் பாராதான் எனக்கு வேணும். அதுலதான் கபடி வருது. எம் மவ படிச்சது இதுதான்: 'எனக்கு ஒரு ஜோடி இருந்தாள். ஆறு வருடம் ஒரே சங்கிலியில் நின்றோம். ஒரு நாள் சங்கிலி அறுந்தது.' அம்புட்டுத்தானாம்.

அறுந்துச்சாம்! தானா அறுந்துச்சோ? யாரு விட்டான்னு எழுத வேண்டாமா? இருபத்திரண்டு வருசமா வாய மூடிக்கிட்டு இருந்துட்டு, இப்ப ஊரு பூரா படிக்கிற புத்தகத்துல, எம் மவ படிக்கிற ஸ்கூல்ல, மழுப்பி எழுதுதா. அதான் இன்னைக்கு ஒரு முடிவோட போறேன். விழாவுல பெத்தவங்க பேசுறதுக்குன்னு பத்து நிமிசம் ஒதுக்கியிருக்காங்க, நான் பேரு குடுத்துட்டேன். மேடையில ஏறி மைக்க வாங்கி, அவளப் பாத்து ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். அமலி, யாரு விட்டா? எம் மவ கேக்கணும். அவ வாயால எம் மவ கேக்கணும்.

அதுக்குத்தான் உங்கள்ட்ட கேட்டேன். அந்தக் கடைசிப் பாராவ மட்டும் ஒருக்காப் படிச்சு, அவ எழுதின மாதிரியே அர்த்தம் சொல்லுங்க. மேடையில நான் தப்பாச் சொல்லிரக் கூடாது பாருங்க, படிச்சவங்க இருக்கிற எடம்.

ம். ஆமா, ஒரே சங்கிலி. ஆமா, அறுந்தது.

இன்னும் இருக்கா? முடிஞ்சுட்டுன்னுலா சொன்னா. சரி, படிங்க.

'பிடித்திருந்தது அவள். நான் கையைக் கொடுத்தவள் மட்டுமே.' அப்படியா போட்டிருக்கு? சரி. சரி, மேல படிங்க.

மெதுவாச் சொல்லுங்க தங்கச்சி. 'அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்ததை நான் உணர்ந்தேன்.' ஒவ்வொண்ணான்னா இருக்கு? ம். 'அவள் விட்டது ஏன் என்று எனக்கு அப்போதே தெரியும். அவள் வீட்டில் நான்கு பேர் அந்த வேலைக்காகக் காத்திருந்தார்கள். நான் விட்டதாக அவள் எல்லோரிடமும் சொல்லி வருகிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் மறுக்கவில்லை. அவளுக்கு அது தேவையாக இருந்தது. எனக்கு வலித்தது. இன்றும் வலிக்கிறது.'

போதும். மூடிருங்க.

இல்ல, தண்ணியெல்லாம் வேண்டாம்.

வேர்வைன்னு நான் சொன்னேன்ல. அன்னைக்கு அவ மணிக்கட்டு காஞ்சுதான் இருந்துச்சு. ஒவ்வொரு ரைடுக்கும் முன்னால மண்ணத் தொட்டுத் தேச்சுக்கிடுவோம். எனக்கு எங்க அப்பா முகந்தான் வந்துச்சு, அந்த மேனேஜர் அமலியவே பாத்துக்கிட்டு இருந்தாரு, கணுக்காலு அவ கையில. நெனச்சுச் செஞ்சேனான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. ஒரு எடந்தான தங்கச்சி இருந்துச்சு. ஒரே ஒரு எடம்.

அது கெடக்கட்டும். அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. இது யாருக்கு உள்ளது, சொல்லுங்க. எம் மவ அறுந்ததுங்கிற எடத்தத் தாண்டியும் மனசுக்குள்ள படிச்சிருக்கா. எம் பக்கத்துல, எந் தோள்ல சாஞ்சு உக்காந்துக்கிட்டு, வெரல வச்சு வரி வரியாப் படிச்சவ, இந்த எடம் வந்ததும் முடிஞ்சுட்டும்மான்னு மூடிட்டா. மூஞ்சி கூட மாறல. அதுக்கப்புறம் நான் நாலு நாளு திட்டினேன், அமலியப் பேசாத பேச்சில்ல, விட்டவ விட்டவன்னு. எம் மவ தோசையப் பிச்சுப் பிச்சுத் தின்னுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா.

பாலம் வந்துட்டா? அப்ப ஆத்தூர் தாண்டினா ஆறுமுகநேரிதான். ஸ்டாப்புல வந்து நிப்பேன்னு சொன்னா.

இன்னைக்குக் காலையில போன் போட்டா தங்கச்சி. 'அம்மா, நீங்க விழாவுக்கு வாங்க, ஆனா மேடையில ஏறாதீங்க, மிஸ்ஸ ஒண்ணும் கேக்காதீங்க'ன்னு அழுதா. அழுகைன்னா அப்படி ஒரு அழுகை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துட்டு. பெத்தவள விட உனக்கு அந்த டீச்சரு பெருசாப் போயிட்டாளாட்டி, அவ மானத்தக் காப்பாத்த இந்த அழுகை அழுதியேன்னு கேட்டேன். அதுக்கும் எம் மவ ஆமாம்மான்னா.